முகத்தைப் பார்த்தவர் பிழைப்பதில்லை

மார்ச் 11, 2025, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

யாரிடம் மன்னிப்பு? இது என் நோட்டு, என் பேனா. கர்ணன் சாருக்கு சீன் அனுப்பும்போதெல்லாம் 'லேட் நைட்டில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் சார்' என்றுதான் முதல் வரி தட்டுகிறேன். அது விரலிலேயே ஊறிவிட்டது. நாளைக்கு சீன் வேண்டும் என்று பொழுது சாயும்போது சொல்கிறவர் அவர். பிள்ளை தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுகிறவள் நான். மன்னிப்புக் கேட்பதும் நான். நல்லா இருக்குடி செலின், உன் நியாயம்.

அந்த வரியை அடித்துவிடலாமா? வேண்டாம். எங்கே ஆரம்பித்தேன் என்று பின்னால் தெரிய வேண்டும்.

ஆடியில் ஆரம்பித்த வேலை இது. ஏழரை மணிக்கு வருகிற 'நாலு நிழல்' தொடருக்கு வசனம். பகலில் சாதாரண ஆட்களாக இருந்துகொண்டு, ராத்திரியில் கருப்புத் துணியால் முகத்தை மூடி அநியாயக்காரர்களைத் தண்டிக்கிற நாலு பேரின் கதை. கதை என்று கர்ணன் சார் பெயர் ஓடும். திரைக்கதை என்றும் அவர் பெயர். வசனம் என்றும் அவர் பெயர். எழுதுவது மட்டும் அனுமந்தன்பட்டியில் நான். கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த கம்பத்துப் பையன் சுருளிராஜன் அங்கே உதவி இயக்குநர், அவன்தான் சேர்த்துவிட்டான். சார் போட்ட ஒரே நிபந்தனை, வெளியே மூச்சுவிடக் கூடாது. என் வீட்டுக்காரர் ஜஸ்டினுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. 'எங்க மருமக கம்ப்யூட்டர்ல டைப்பு அடிக்குது' என்று கோயில் வாசலில் பெருமையாகச் சொல்கிறார்.

அந்த அத்தைதான் 'நாலு நிழ'லுக்கு இந்தத் தெருவின் முதல் ரசிகை. போன புதன் சாம்பல் புதன். ஈஸ்டர் வரைக்கும் தவசுக்காலம், அதற்கு வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவோம். போன வருஷம் அத்தை காப்பியை விட்டார். அவரைத் தவிர எல்லோரும் கஷ்டப்பட்டோம். இந்த வருஷம் 'நாலு நிழ'லை விட்டிருக்கிறார். விட்டது பார்ப்பதைத்தானாம், கேட்பதை இல்லையாம். ஏழரை ஆனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். முகம் அடுப்படி வாசலைப் பார்த்து. அதாவது, அங்கே பூண்டு உரிக்கிற என்னைப் பார்த்து.

பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்கா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு ஜீப்பில் வந்து இறங்கியதும் எங்கள் வீட்டு டிவிக்குத்தான் வரும்.

"என்ன சகாயராணியக்கா, உங்க ஆண்டவரு முதுகுப் பக்கம் பாக்க மாட்டாராக்கும்?"

"நேர்ச்ச கண்ணுக்குத்தான். காதுக்கு இல்ல. வாயடிக்காம அங்கன என்ன நடக்குதுன்னு சொல்லு."

மார்ச் 13, வியாழன்

பிள்ளை ஷெரினுக்கு இருமல். நாளைக்கும் இருந்தால் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஷூட்டிங் இல்லை. இருமலும் இல்லை. இரண்டும் இல்லாத ஒரு நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தொடரின் சட்டங்கள் எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். முகமூடி மூக்குக்குக் கீழேதான் இருக்கும். கண் அதே கண், புருவம் அதே புருவம், நெற்றியில் அதே தழும்பு. ஆனாலும் வீட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. வில்லன் கதவைத் திறந்தால் மூன்று பக்கமிருந்து மூன்று தடவை திறப்பான். நிழல்கள் மொட்டைமாடியில் நின்றால் காற்று அடிக்கும். கீழே தெருவில் ஒரு இலை அசையாது. அதற்கென்று ஆள் உயர ஃபேன் ஒன்று வைத்திருக்கிறார்கள். சுருளி அதற்கு 'அஞ்சாவது நிழல்' என்று பெயர் வைத்திருக்கிறான். இங்கே ஆடியில் நிஜமாகவே ஆளைத் தள்ளுகிற காற்று. அதைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

நாலாவது நிழலை மட்டும் முதுகுப் பக்கமிருந்தே காட்டுவோம். பேச்சும் கிசுகிசுப்புதான். அது யார் என்று எங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: முகத்தைப் பார்த்தவர் பிழைப்பதில்லை.

இதை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஒரு நிழலின் முகத்தை முதலில் பார்த்தது ஒரு வாட்ச்மேன். அந்த நடிகர் வேறு தொடருக்குத் தேதி கொடுத்துவிட்டதால் செத்தார். அடுத்துப் பார்த்தது ஒரு நர்ஸ். அந்த நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமானது, லாரி ஏற்றினோம். அடுத்தவர் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு போனார், கிணற்றில் தள்ளினோம். நேயர்கள் மூன்றையும் கோத்து யூடியூபில் பேச ஆரம்பித்தார்கள். சேனல் அந்த வாக்கியத்தையே எடுத்து இடி முழக்கத்தோடு விளம்பரத்தில் போட்டுவிட்டது. இப்போது அதை மீறினால் ஏதோ பத்துக் கட்டளையில் ஒன்றை மீறின மாதிரி.

மார்ச் 19, புதன்

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

இன்றைய பகுதியில் நாலாவது நிழல் ஒரு கந்துவட்டிக்காரனின் காதோரம் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறது: 'போயிரு.' அத்தை டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "இது பொன்னி" என்றார்.

தொடரில் பொன்னி இட்லிக்கடை நடத்துகிறவள். மித்ரா என்று ஐந்து வயதுப் பெண் குழந்தை. வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் நினைக்கிற பாத்திரம்.

"எந்தப் பொன்னி? இட்லிக்கடக்காரியா? போங்கக்கா. அது இப்பத்தான பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அவதான். பேசறதுக்கு முன்னால எச்சிய முழுங்குறா. சோறு ஊட்டும்போதும் முழுங்குனா."

"நான் கண்ணு ரெண்டையும் தொறந்து வச்சுப் பாக்குறேன், எனக்குத் தெரியல. முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்க உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

"பாக்குறதுனாலதான் உனக்குத் தெரியல. திரும்பி உக்காந்து பாரு."

ராஜாத்தி அக்கா நிஜமாகவே திரும்பி உட்கார்ந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு தொடர் கேட்டார்கள். நான் பூண்டைத் தோலோடு சட்டியில் போட்டேன்.

எட்டு மாதமாகச் சேனலே பொத்திப் பாதுகாத்த ரகசியம்!

மார்ச் 24, திங்கள்

ஷெரினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கர்ணன் சார் கூப்பிட்டார்.

"ஈஸ்டர் வாரத்துக்கு பெரிய பிளான் வெச்சிருக்கேம்மா. பொன்னிதான் நாலாவது நிழல்னு சீக்கிரம் ஓப்பன் பண்றோம். அப்புறம் மித்ரா அவ முகத்தைப் பாத்துடுது. மறுநாள் குழந்தை போயிடணும்."

"எங்க சார்?"

"எங்கன்னா? மேல."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஷெரின் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"குழந்தை சார் அது."

"அதனாலதாம்மா. பொன்னி ஏன் முகமூடி போட்டா? இப்ப அவகிட்ட வெயிட்டான காரணம் இல்ல. குழந்தை போனா காரணம் வந்துடும். ரூலையும் காப்பாத்தின மாதிரி இருக்கும். பதினாறாம் தேதி டெலிகாஸ்ட். தமிழ்நாடே அழணும். நீ ஒரு அம்மா, உன்னாலதான் இத எழுத முடியும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஊட்டணும் சார் என்று வைத்துவிட்டேன்.

அப்போதிருந்து மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நிழல் ஒரு வழக்கில் தோற்றதற்காக முகமூடி போட்டான். இரண்டாவது ஆளுக்கு அண்ணனோடு வரப்புத் தகராறு. மூன்றாவது ஆள் எதற்குப் போட்டான் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறான், போட்டுக்கொண்டான். ஆம்பளைக்குக் கோபம் வந்தால் அதுவே காரணம். ஒரு தாய்க்குக் கோபம் வர வேண்டுமென்றால் மட்டும் பிள்ளையின் பிணம் வேண்டுமாம்.

நான் தினமும் கோபமாக இருக்கிறேன் சார். என் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள்.

மார்ச் 27, வியாழன்

'காட்சி: மருத்துவமனை அறை. பகல். மித்ரா படுக்கையில்' என்று தட்டினேன். உள்ளே ஷெரின் இருமினாள். அழித்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

உத்தமபாளையம் ஆஸ்பத்திரி. இளைப்பு. மருந்துப் புகை வைக்கச் சொன்னார்கள். அந்தப் பிளாஸ்டிக் மாஸ்க்கை முகத்துப் பக்கம் கொண்டுபோனதும் ஷெரின் கட்டிலைவிட்டே இறங்கிவிட்டாள். அத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்டி. அதுவும் நம்ம கூட வரட்டும். நீ பாட்டுக்கு மூச்சு விடு."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? எனக்கே அதைச் சொல்ல ஆள் இல்லாமல்தானே தவித்துக்கொண்டிருக்கிறேன். மாஸ்க்குக்குள் அவள் முகம் ஆவியில் மறைந்து மறைந்து தெரிந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது.

நான் அந்த ஒரு வரி தட்டினதால்தான் இப்படி ஆனதோ? காட்சி, மருத்துவமனை, படுக்கை. படித்தவள்தானே நீ? ஆமாம், எம்.ஏ. படித்தவள். அதனால் என் பயம் எழுத்துப்பிழை இல்லாமல் வருகிறது, அவ்வளவுதான்.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். மூடநம்பிக்கை என்று சொன்னாலும் சொல்லட்டும். எழுத மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

நேற்றுத் தொடரில் பொன்னிதான் நாலாவது நிழல் என்று காட்டிவிட்டார்கள். அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சிரித்தார். ராஜாத்தி அக்காவுக்குத்தான் தாங்கவில்லை.

இன்று மத்தியானம் கர்ணன் சாரை நானே கூப்பிட்டேன். பயமாகத்தான் இருந்தது. இருக்கட்டும், அதுவும் கூட வரட்டும் என்று கூப்பிட்டேன்.

"மித்ராவைக் கொல்ல மாட்டேன் சார். வேற எழுதித் தர்றேன். தன்னோட அம்மாதான் நாலாவது நிழல்னு அந்தப் பிள்ளைக்கு முன்னாடியே தெரியும். அது ரகசியத்தைக் காப்பாத்துது. சாக வேண்டிய அவசியமே இல்ல."

"முகமூடிக்குள்ள இருக்கிற ஆள ஒரு குழந்தை எப்படிம்மா கண்டுபிடிக்கும்? லாஜிக் இடிக்குது."

ஆகாயத்தில் மேகமே இல்லாமல் இடி இடிக்க வைக்கிறவர் பேசுகிற லாஜிக்.

"கட்டின புருஷனுக்கே அவ யாருன்னு தெரியலயேம்மா!"

"புருஷனுக்குத் தெரியாது சார். அவன் என்னைக்கு அவளப் பாத்தான்?"

எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு நிமிஷம்.

"நல்ல டயலாக்கும்மா. எங்கயாவது வெச்சுக்கலாம். ஆனா குழந்தை போகணும். எட்டாம் தேதிக்குள்ள சீன் வந்துடணும். இல்லன்னா எனக்கு வேற ரைட்டர்ஸ் இருக்காங்க."

இருக்கிறார்கள். என்னை மாதிரியே பெயர் இல்லாமல் எங்கெங்கோ அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜஸ்டினிடம் சொன்னேன். கம்பத்துத் திராட்சை குடோனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "கதைதானே செலின்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உனக்குப் புடிக்காட்டி எழுதாத" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் அந்த 'கதைதானே' இன்னும் குத்துகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றிலிருந்து கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா வரைக்கும் இப்படித்தான் இருக்கும். ஷெரினுக்குப் போன வருஷம் விவரம் தெரியாத வயது. உள்ளே நுழைந்ததுமே என் இடுப்பிலிருந்து கத்தினாள்.

"அம்மா! எல்லாரும் மாஸ்க் போட்டுருக்காக!"

முன் வரிசை மொத்தமும் திரும்பியது. அத்தை "உஷ்" என்றார், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே. ஷெரின் நிறுத்தவில்லை. விரலை நீட்டி ஒவ்வொருவராகச் சொன்னாள். அது சூசையப்பர். அது சம்மனசு, இறக்கை முட்டுது பாரு. அது மாதா.

"மாதான்னு எப்படிடி தெரியும்?" அவள் காதோரம் கேட்டேன்.

"அவுக கையில பாப்பா இருக்குல்ல. அங்கன துணி உப்பிக்கிட்டு இருக்கு."

பூசையில் அப்புறம் என்ன வாசித்தார்கள் என்று தெரியாது. எழுந்து நின்றேன், முழங்காலில் நின்றேன், எல்லோரும் செய்ததைச் செய்தேன். கண் மட்டும் அந்த உப்பின இடத்திலேயே இருந்தது.

கர்ணன் சார், உங்கள் லாஜிக்குக்கு நாலு வயசு. கட்டைவிரலைச் சப்புகிற பழக்கம்கூட இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

பொன்னி ராத்திரி வேலை முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வருகிறாள். முகமூடி கழுத்தில் கிடக்கிறது. மித்ரா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் வழக்கமாக இடி, மூன்று தடவை முகம், தொடரும். நான் இடியை எடுத்துவிட்டேன். பிள்ளை ஒரு கொட்டாவி விடுகிறது.

'எனக்கு முன்னாடியே தெரியும்.'

'எப்படிடி?'

'நாலாவது ஆளு படியேறும்போது பாதியில நின்னு இடுப்பப் புடிச்சுக்கிறாரு. நீயும்தான் நிக்கிற. என்னயத் தூக்கித் தூக்கி வலிக்குதுன்னு சொன்னேல்ல.'

வெளியே போலீஸ் வண்டிச் சத்தம். பொன்னி மறுபடி போக வேண்டும். வாசல் வரை போனவள் நின்றுவிடுகிறாள். 'பயமா இருக்காம்மா?' என்று பிள்ளை கேட்கிறது. 'இருந்துட்டுப் போகட்டும், அதுவும் கூட வரட்டும்' என்கிறாள். துணியை முகத்தில் கட்டிக்கொண்டு திரும்புகிறாள். பிள்ளை கூப்பிடுகிறது.

'முடிச்சு சரியில்லம்மா. உக்காரு.'

பொன்னி உட்காருகிறாள். பிள்ளை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

ஒளித்து அனுப்பவில்லை. மேலே முதல் வரியிலேயே எழுதினேன்: 'மித்ரா சாகவில்லை.' கர்ணன் சாருக்கு ஒரு பழக்கம், நான் அனுப்புவதைத் திறக்காமலே செட்டுக்குத் தள்ளிவிடுவார். அது எனக்குத் தெரியும். திறந்து பார்த்தால் நிறுத்தட்டும். பார்க்காவிட்டால் அது என் பாவமா?

அனுப்பும்போது 'மன்னிக்கவும்' என்று தட்டி, அழித்து, மறுபடியும் தட்டி, அப்படியே அனுப்பிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் விட முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் சுருளி கூப்பிட்டான்.

"அக்கா, பிள்ள சாகலையே?"

"சாகலைடா."

"அழுகுறதுக்குன்னு கிளிசரின் பாட்டிலோட மொத்த யூனிட்டும் நிக்குதுக்கா. சாருகிட்ட கேக்கவா?"

"பேப்பர் யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

"சாருகிட்ட இருந்துதான்."

"அப்புறம் என்ன?"

சிரித்தான். "சரிக்கா. எனக்கு வந்த பேப்பர நான் வாசிக்கிறேன்."

அங்கே யாரும் மனப்பாடம் செய்ய மாட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுருளி வரி வரியாக வாசிப்பான், நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். டைரக்டருக்கு ராத்திரிக்குள் நாள் கணக்கு முடிய வேண்டும். பேப்பரில் என்ன இருக்கிறதோ அதுதான் உலகம்.

சாயங்காலம் ஒரே ஒரு வரி வந்தது: 'முடிச்சு சீன்ல அந்தப் பாப்பா நிஜமாவே இறுக்கிக் கட்டிருச்சுக்கா, பொன்னி மேடம் இருமிட்டாங்க, டைரக்டர் அதையே ஓகே பண்ணிட்டாரு.'

ஏப்ரல் 11, வெள்ளி

கர்ணன் சார் எடிட்டிங்கில் பார்த்திருக்கிறார்.

"உன்ன நம்பினேனேம்மா."

"முதல் வரியிலயே எழுதியிருந்தேன் சார்."

"நான் எங்கம்மா அதையெல்லாம்…"

"படிச்சுட்டுத்தானே சார் அனுப்பினீங்க?"

மறுபடி எடுக்க முடியாதாம். அந்த வீட்டு செட்டை அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். இனிமேல் சீன் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழுதேன். எழுதினதற்காக இல்லை. வேலை போனதற்காக. இரண்டும் ஒன்றில்லை. எழுதினதற்காக இப்போதும் அழுகை வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஷெரின் ஓலையில் ஒரு முகமூடி பின்னச் சொன்னாள். குருத்தோலையில் சிலுவைதான் பின்னுவார்கள் என்றேன். கேட்கவில்லை. பின்னிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இருந்து நிதானமாக எழுத வேண்டும். கை ஓடுகிறது, மனது நிற்கவில்லை.

நேற்று மித்ரா தாயின் முகத்தைப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தார்கள். இன்று பூராவும் விளம்பரத்தில் அந்த வாக்கியம்தான், 'முகத்தைப் பார்த்தவர் பிழைப்பதில்லை.' ராஜாத்தி அக்கா ஜீப்பில் வந்த கோலத்திலேயே, தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தது.

"அந்தப் பிள்ளைய மட்டும் சாகடிக்கட்டும், இந்தப் பொட்டியத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

"அது எங்க பொட்டி ஆத்தா" என்றார் அத்தை, முதுகைக் காட்டிக்கொண்டே.

நான் வழக்கமான இடத்தில் பூண்டோடு. தொடர் ஆரம்பித்தது. பின்வாசல் கதவு. பிள்ளையின் கொட்டாவி. 'எனக்கு முன்னாடியே தெரியும்.' ராஜாத்தி அக்கா "ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தது. பிறகு பயத்தைப் பற்றின வரி. பிறகு முடிச்சு. பிள்ளை கட்டிவிட, பொன்னி இருமிவிட்டு, இருட்டுக்குள் போனாள். இடி இல்லை. ராஜாத்தி அக்கா துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தது.

"சாகலக்கா! பிள்ள சாகல!"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா செலினு. இது நீ எழுதுனதுதான?"

கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டேன்.

"ஆஸ்பத்திரில பிள்ளகிட்ட நீ சொன்னது அது. பயமும் கூட வரட்டும்னு. என் காதால கேட்டேன்."

"அத்தை, அது எல்லாரும் சொல்றதுதான்…"

"சும்மா இரு. தவசுக்காலம் பூராவும் நான் டிவியப் பாக்கல. உன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவுக பேசறதுக்கு முன்னால உன் வாய் பேசுது. அவ அங்கன சொல்லி முடிக்குமுன்ன நீ இங்கன சொல்லிட்ட. ஒரு நாள் ரெண்டு நாள்னா விட்டுருவேன்."

சுருளி கேமராவுக்குப் பின்னால் செய்வதை நான் பூண்டுத் தட்டுக்குப் பின்னால் செய்துகொண்டிருந்திருக்கிறேன். தெரியவே இல்லை எனக்கு.

"ஆமா அத்தை. நான்தான்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

ராஜாத்தி அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பிவிட்டு எழுந்து நின்றது. "அப்ப அந்த வாட்ச்மேனக் கொன்னது நீயா? அந்த நர்சம்மா மேல லாரிய ஏத்துனது? அடிப் பாவி, உன் வீட்டுலயே உக்காந்து நீ கொடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டுல்ல அழுதேன்!"

"லாரி நான் இல்லக்கா. லாரி கதை இலாகா."

"கதைய விடு" என்றார் அத்தை. "ராஜாத்தி, கடைசில பேரு போடுறாகல்ல. அதுல இவ பேரு வருதா பாரு."

ராஜாத்தி அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டி வாசித்தது. "கதை கர்ணன். திரைக்கதை கர்ணன். வசனம்… கர்ணன்."

"நம்ம வீட்டுப் பிள்ள சொன்ன வார்த்தைக்கு அவன் பேரா?" அத்தைக்குக் குரல் ஏறியது. "ஒவ்வொண்ணுக்கும் மொகத்த மூடிக்கிட்டே இருப்பியா நீ? ஈஸ்டர் முடிஞ்சு நான் கண்ணத் தொறந்து பாக்கும்போது அங்கன உன் பேரு ஓடணும். ஆமா, சொல்லிட்டேன்."

"வேலையே போயிருச்சு அத்தை."

"வேலதான போச்சு? வாய் இருக்குல்ல?"

ஏப்ரல் 19, சனி

கர்ணன் சார். குரலில் தேன்.

சேனலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். முடிச்சுக் காட்சியைத்தான் எல்லோரும் போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து இனி என்ன செய்வார்கள் என்று சேனலில் கேட்டிருக்கிறார்கள். "நான்தாம்மா சேனல்ல சொன்னேன், ரூலை உடைக்கிற நேரம் வந்துடுச்சுன்னு யோசிச்சு வெச்சிருந்தேன்னு. உன்ன அதுல இழுக்கல. பழசை விட்டுடு. திங்கட்கிழமையிலேருந்து சீன் அனுப்பு, எப்பவும் போல."

எப்பவும் போல.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும், உடனே வைக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இது பகலில் எழுதுவது. வாசலில் வெயில். ஷெரின் ஓலை முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தரையில் படம் வரைகிறாள். இருமல் இல்லை. இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் போய் நெஞ்சில் காது வைத்துவிட்டுத்தான் வருகிறேன். அதெல்லாம் என்னைவிட்டுப் போகாது. கூட வரட்டும்.

பாஸ்காப் பூசையில் துணிகளை எடுத்துவிட்டார்கள். மாதாவைப் பார்த்ததும் ஷெரின், "நான் சொன்னேன்ல?" என்று கேட்டாள், யாரோ மறுத்துப் பேசின மாதிரி.

அத்தை காலையிலேயே நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிவி அணைந்து கிடக்கிறது.

"ஏழரைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கே அத்தை."

"இடம் புடிச்சு வைக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

பார்த்துவிட்டேன். கர்ணன் சாருக்கு இப்போது அனுப்பினதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். முதல் வரி தட்டும்போது விரல் தானாக 'ம'வுக்குப் போனது. நிறுத்தினேன்.

'கர்ணன் சார், வணக்கம். அடுத்த வாரத்துக்கான காட்சிகளை எழுதிவிட்டேன். பொன்னியும் மித்ராவும் உயிரோடு இருக்கிறார்கள், கோபமாகவும் இருக்கிறார்கள். வசனம்: ம. செலின் என்று திரையில் வர வேண்டும். வரும் என்று சேனல் எழுதிக் கொடுத்தால் காட்சிகளை அனுப்புகிறேன். இல்லையென்றால் அவை என்னிடமே இருக்கட்டும். இனிமேல் பிள்ளை தூங்கின பிறகு எழுத மாட்டேன். பகலில் எழுதி, பகலில் அனுப்புவேன். இந்த வேலை என்னுடையது என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் சாகவில்லை. இங்கே ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் பெயருக்காக உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.'